மாலை போட்ட படத்துக்காரர்

சினிமாவில் பிராப்பர்ட்டி பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்ல வேண்டியது, ஆடு வளரும் என்பதுதான்.

சிரிக்காதீர்கள். ஒரு படத்துக்காக ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு வெள்ளாட்டுக் குட்டியைப் பிடித்துவந்தேன். கதாநாயகி அதைத் தூக்கிக் கொஞ்சுவதை முதல் ஷெட்யூலில் எடுத்தோம். அடுத்த ஷெட்யூல் நான்கு மாதம் கழித்து நடந்தது. கதைப்படி அது மறுநாள் காலை. அந்த மறுநாள் காலைக்குள் குட்டிக்குக் கொம்பு முளைத்து, தாடி வந்து, கதாநாயகியை முட்டித் தள்ளும் அளவுக்கு ஆளாகியிருந்தது. இயக்குநர் என்னைப் பார்த்து, "இதைக் கொஞ்சம் ஷேவ் பண்ண முடியுமா?" என்று கேட்டார். பண்ணிப் பார்த்தேன். ஆடு அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

காட்சியில் கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு பொருளும் நம் தலையில்தான் விடியும். நடிகர் கையில் எடுக்கும் சொம்பும் நாம், சுவரில் தொங்கும் காலண்டரும் நாம். முப்பது வருடம் அதைச் செய்துவிட்டு இப்போது பெரம்பலூரில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். இந்தப் பக்கம் படப்பிடிப்புக்கு வரும் நீங்கள் அவ்வப்போது போன் செய்து, "அண்ணே, மர உரல் கிடைக்குமா, பழைய ஸ்கூட்டர் கிடைக்குமா" என்று கேட்கிறீர்கள். கேளுங்கள், தப்பில்லை. ஆனால் ஒரு விஷயத்தைப் போனில் சொல்லிப் புரியவைக்க முடியாது. அதை எழுதித்தான் ஆக வேண்டும். ஆட்டைவிடப் பெரிய தப்பு அது.

அது ஒரு குடும்பக் காமெடிப் படம். ஓடிடிக்காக எடுத்தது. இயக்குநருக்கு முதல் படம். நல்ல பையன், ஆனால் பதற்றம் வந்தால் நகத்தைக் கடிப்பான். படம் முடிவதற்குள் கடிக்க நகம் மிஞ்சாது என்று முதல் நாளே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

கதை இதுதான். ஒரு வீட்டில் அப்பா இறந்துவிட்டார். அம்மா, மூன்று பிள்ளைகள், இரண்டு மருமகள்கள். வீட்டில் என்ன முடிவு எடுப்பதானாலும் கூடத்தில் மாட்டியிருக்கும் அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று பூக் கேட்பார்கள். படத்தின் தலையில் வைத்த வெள்ளைப் பூ விழுந்தால் அப்பா சம்மதித்துவிட்டார் என்று அர்த்தம். விழாவிட்டால் இல்லை. ஆகவே ஆளாளுக்கு அந்தப் பூவை விழவைக்கத் திருட்டு வேலை செய்வார்கள். மூத்தவன் மேஜை ஃபேனைத் திருப்பிவைப்பான். சின்ன மருமகள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தேங்காய் உடைக்கிற சாக்கில் இடிப்பாள். கடைக்குட்டி தூண்டில் நரம்பு கட்டி இழுப்பான்.

எந்த வழியில் விழுந்தாலும், உண்மையில் விழவைப்பவன் நான். சுவரில் ஒரு துளை போட்டு, நூலைப் பின்னறைக்குக் கொண்டுபோய் என் விரலில் சுற்றிவைத்திருந்தேன். மாலை மட்டும் துணிப் பூ, ஏனென்றால் நிஜப் பூ காட்சிக்குக் காட்சி வாடும். விழுகிற ஒற்றைப் பூ நிஜம்.

படம் முழுக்க அந்தப் புகைப்படம்தான் ஹீரோ என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். வழக்கமாக இதற்கு ஒரு துணை நடிகரை உட்காரவைத்துப் படம் எடுத்து, கையெழுத்து வாங்கி, சட்டம் போட்டு மாட்டிவிடுவோம். அப்படி மூன்று பேரைக் காட்டினேன். முதல் ஆளைப் பார்த்து இயக்குநர், "இவர் செத்தவர் மாதிரி இல்லண்ணே, வாய்ப்புக் கேட்டு வந்தவர் மாதிரி இருக்கார்" என்றான். இரண்டாமவர் யாருமில்லாமல் செத்தவர் மாதிரி இருக்கிறாராம். மூன்றாவது எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜரே மீசை ஒட்டிக்கொண்டு எடுத்துக்கொண்டது. "இவரைப் பார்த்தா, சாப்பாட்டு வண்டி வந்துடுச்சான்னு கேக்கற மாதிரி இருக்குண்ணே."

அது உண்மையும்கூட. படப்பிடிப்புக்கு இரண்டே நாள் இருந்தது. பஸ் பிடித்துப் பெரம்பலூர் போனேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு போட்டோ ஸ்டூடியோ. உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரில் அவரைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, தோளில் மடிப்புக் கலையாத துண்டு, கருகருவென்று மீசை. உதடு சிரிக்கத் தயாராக இருந்தது, கண்தான் அதற்கு அனுமதி கொடுக்கவில்லை. திட்டுவதா கொஞ்சுவதா என்று முடிவு செய்யாத ஒரு அப்பாவின் முகம். இரண்டடிக்கு மூன்றடியில், பொன் நிறச் சட்டம் போட்டிருந்தது.

"இது யாருங்க?" என்று கேட்டேன்.

"யாரோ ஆர்டர் குடுத்தாங்க சார். ஒரு வருசம் ஆவப்போவுது, வாங்க வரவே இல்ல. போன் பண்ணா எடுக்கறதில்ல. எடத்த அடைச்சுக்கிட்டு நிக்குது."

இந்த இடத்தில்தான் என் மூளை அபாரமாக வேலை செய்தது. எங்கள் ஊர்ப்பக்கம் உயிரோடு இருப்பவருக்கு யாரும் இவ்வளவு பெரிய சட்டம் போட மாட்டார்கள். ஆள் போனபிறகு, பதினாறாம் நாளுக்குள் வேண்டும் என்று அவசரப்படுத்திப் போடுவதுதான் இந்த அளவு. ஆகவே இவர் இறந்துவிட்டார். பிள்ளைகளுக்குள் தகராறு, யார் போய் வாங்குவது என்று விட்டுவிட்டார்கள். பாவம் மனுஷன், மீசைக்கேற்ற பிள்ளைகள் அமையவில்லை. இவ்வளவையும் நானே முடிவு செய்து, நானே வருத்தப்பட்டு, ஸ்டூடியோக்காரரிடம் சொல்லி, படத்தைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டேன்.

பில் புத்தகத்தைப் புரட்டச் சொல்லி, "இவர் இருக்காரா?" என்று ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது.

இயக்குநர் படத்தைப் பார்த்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "இவர்தாண்ணே. செத்தா இப்படிச் சாகணும்" என்றான்.

விக்கிரமங்கலத்தில் ஒரு வீட்டை எடுத்திருந்தோம். வீட்டுக்காரர் சென்னையில் இருந்தார், சாவியை அனுப்பிவிட்டார். வேடிக்கை பார்க்க வருபவர்களைக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவோம் என்பதால் கூடத்தில் என்ன மாட்டியிருக்கிறது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பன்னிரண்டு நாள் படப்பிடிப்பு ஜோராக நடந்தது. மூத்தவன் ஃபேனைத் திருப்பினான், நான் நூலை இழுத்தேன். மருமகள் தேங்காயை இடித்தாள், நான் நூலை இழுத்தேன்.

பதின்மூன்றாம் நாள் காலை, நிச்சயதார்த்தக் காட்சிக்கு ஒரு தாம்பூலத் தட்டு தேவைப்பட்டது. என்னிடம் இருந்த தட்டு ஏற்கெனவே இந்த வீட்டுத் தட்டாக ஒரு காட்சியில் வந்துவிட்டது. அதே தட்டு சம்பந்தி வீட்டார் கையிலும் இருந்தால் அவர்கள் திருடி வந்த மாதிரி ஆகிவிடும். என்ன செய்யலாம் என்று வெளியே வந்தால், பக்கத்து வீட்டு வாசலில் வெள்ளித் தட்டோடு ஓர் அம்மாள் நிற்கிறார்.

பட்டுப் புடவை, நெற்றியில் பெரிய பொட்டு. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமச் சிமிழ், மஞ்சள் தடவிய பத்திரிகைகள். பக்கத்தில் வெயிலுக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, நரைத்த மீசையோடு அவர் வீட்டுக்காரர். பத்திரிகை வைக்க வந்திருக்கிறார்கள், அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது.

"அம்மா, ஒரு பத்து நிமிஷம் இந்தத் தட்டைக் குடுப்பீங்களா? உள்ள ஷூட்டிங் நடக்குது."

அவர் யோசித்தார். "பத்திரிகை வச்ச தட்ட தனியாக் குடுக்கப்படாதுங்க. நானும் கூட வரேன்."

"ஷூட்டிங்கா? யாரு ஹீரோயினு?" என்று வீட்டுக்காரர் எங்கள் இருவருக்கும் முன்னால் நடக்க ஆரம்பித்தார்.

கேட்டில் நின்ற அத்தனை பேரையும் விலக்கி, மரியாதையாக, நானே அவர்களைக் கூட்டிக்கொண்டுபோய்க் கூடத்தில் நிறுத்தினேன். பிறகு பின்னறைக்குப் போய் என் நூலை விரலில் சுற்றிக்கொண்டு, கதவு இடுக்கில் தலையை நீட்டினேன்.

உள்ளே ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. அம்மாவாக நடிப்பவர் வெள்ளைப் புடவையில், வெறும் நெற்றியோடு, படத்துக்கு முன்னால் விசும்பிக்கொண்டிருந்தார். "என்னங்க, மூணு புள்ளைங்களையும் என் தலையில கட்டிட்டு நீங்க மட்டும் நிம்மதியாப் போயிட்டீங்களே."

பெரியவர் இறந்தவருக்கு மரியாதையாகத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். நிமிர்ந்து படத்தைப் பார்த்தார். கை தானாகத் தன் மீசைக்குப் போயிற்று.

"இது நாந்தான?" என்றார்.

கோபமே இல்லை. பஸ்ஸில் துண்டு போட்டுவைத்த சீட்டில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பவர் கேட்கிற மாதிரிதான் கேட்டார். மீசைக்கு மை போட்டு, தோள்துண்டை மடித்துப் போட்டுப் பார்த்தேன் மனதுக்குள். அவரேதான்.

நாம் எடுக்கிற படமாக இருந்தால் அந்த அம்மாள் கையிலிருந்து தட்டு விழுந்து உருண்டிருக்கும். தனக்கோடியம்மாள், அதுதான் அவர் பெயர், தட்டை நிதானமாக டீப்பாயில் வைத்தார். பத்திரிகை சரியாமல் ஒரு வாழைப்பழத்தை அணை கொடுத்தார். அப்புறம்தான் திரும்பினார்.

"இத யாரு மாட்டுனது?"

ஒரு யூனிட்டில் எதற்கும் ஒற்றுமை வராது. அன்று வந்தது. நாற்பது பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "அம்மா, இது அவரு இல்லைங்க. அவரு சாடையில இன்னொருத்தர்."

"இல்லைங்க, நான்தான்" என்று வீட்டுக்காரர் எனக்கு உதவி செய்தார். "பெரம்பலூர்ல எடுத்தது. சட்டையில ரெண்டாவது பட்டன் மட்டும் நெறம் மாறியிருக்கும், கிட்டப் போயிப் பாருங்க." அப்புறம் மாலையைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தார். "என்னாங்க, துணிப் பூவா? சம்பங்கி போட்டிருக்கலாம்ல?"

அவர் பெயர் கலியபெருமாள். உடையார்பாளையம் பக்கம். கதை மெதுவாக வெளியே வந்தது. போன வருடம் அவர் சிநேகிதர் ஒருவர் தவறிவிட்டாராம். பிள்ளைகள் அவசரத்தில் ஆதார் அட்டையில் இருந்த படத்தையே பெரிதாக்கி பேனர் வைத்துவிட்டார்கள். "சைக்கிள் திருடிப் புடிபட்டவன் மாதிரி இருந்தான் பாவம். என் பசங்களும் அதத்தான் செய்வானுங்க. அதான் இருக்கறப்பவே நல்லதா ஒண்ணு எடுத்து வச்சுருவோம்னு." உள்ளூரில் எடுத்தால் சேதி வீட்டுக்குப் போய்விடும் என்று பெரம்பலூர் வரை பஸ் ஏறியிருக்கிறார். ஆனால் ரசீது சட்டைப்பையில் இருந்து, துணி துவைக்கும்போது அம்மாள் கையில் சிக்கிவிட்டது. அந்தப் படம் வாசல்படி ஏறினால் தான் இறங்கிவிடுவதாக அம்மாள் சொல்லிவிட்டார். படம் ஸ்டூடியோவிலேயே நின்றுபோன காரணம் அதுதான்.

"வேணாம்னு போன் பண்ணிச் சொல்லிட்டேன்னீங்களே?" என்றார் தனக்கோடியம்மாள்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றார் அவர்.

அம்மாள் எங்கள் பக்கம் திரும்பினார். தட்டிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்து இயக்குநர் கையில் கொடுத்தார். அறுபதாம் கல்யாணப் பத்திரிகை. "இன்னும் மூணு வாரத்துல இந்த ஆளு என் கழுத்துல மறுபடி தாலி கட்டப் போறாரு. சொந்தபந்தம் அத்தனைக்கும் சொல்லியாச்சு. நீங்க இங்க மாலை போட்டு வெளக்கேத்தி வச்சிருக்கீங்க. நாளைக்கு எங்க சனம் பூரா இத செல்லுல பாக்கும். இந்தம்மா யாருங்க, என் புருசனுக்காகத் தாலி அறுக்கறதுக்கு?"

அம்மாவாக நடித்தவர் சத்தமில்லாமல் எழுந்து கேமராவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

மேக்கப் போடுபவர் நல்லது செய்வதாக நினைத்து நடுவில் வந்தார். "அம்மா, செத்துட்டதா சேதி கெளம்பினா ஆயுசு கெட்டிம்பாங்கல்ல?"

"அது தெரியாம சேதி வந்தாத்தாங்க. நீங்க ஆணியடிச்சு மாட்டியிருக்கீங்க."

இந்தப் பேச்சுக்கு நடுவே என் விரலில் நூல் சுற்றியிருந்ததை நான் மறந்துவிட்டேன். நெற்றி வியர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினேன். படத்தின் தலையிலிருந்து வெள்ளைப் பூ பொத்தென்று விழுந்தது. தண்ணீரில் மூழ்குகிறவன் போல இயக்குநர் அதைப் பிடித்துக்கொண்டான். "பாத்தீங்களாம்மா, ஐயாவே சம்மதம் குடுத்துட்டாரு."

"ஐயா இங்கதான நிக்கறாரு. அவரு சம்மதத்த யாரு கேட்டா?" என்றார் அம்மாள். பிறகு என்னைப் பார்த்து, "நூலு தெரியுதுங்க" என்றார். கேமராமேன் தலையை ஆட்டினார். அவர் இரண்டு நாளாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மாள் ஒரு நாற்காலியை இழுத்துப் படத்துக்கு நேர்கீழே போட்டு உட்கார்ந்துவிட்டார். படத்தை இறக்க வேண்டும், இறக்கினால் மட்டும் போதாது, இதுவரை எடுத்ததிலும் அவர் செத்தவராக இருக்கக் கூடாது. அதுவரை எழுந்திருக்க மாட்டார்.

இயக்குநர் கொல்லையில் முருங்கை மரத்தடியில் போய் உட்கார்ந்தான். பன்னிரண்டு நாள் எடுத்ததில் அந்தப் படம் இல்லாத காட்சி கிணற்றடியில் எடுத்த ஒன்றுதான். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். நிமிராமலே, "அண்ணே, அரியலூருக்கு எத்தனை மணிக்கு பஸ்?" என்றான். அந்தப் பையனின் முதல் படம், நான் பஸ்ஸுக்கு அவசரப்பட்டதால் போகிறது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

அப்போது புரொடக்‌ஷன் மேனேஜர் ஒரு தாளோடு ஓடிவந்தார். "பெரியவர் கையெழுத்துப் போட ரெடி. மாலையை மட்டும் சம்பங்கியா மாத்தணுமாம். அவர் முகம், அவர் கையெழுத்து, வேலை முடிஞ்சுது. அந்தம்மாவால ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் சொன்னதில் தப்பில்லை. தாளில் எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் ஞாபகத்துக்கு வந்தார். ஆரம்பக் காலத்தில் ஒரு வீட்டில் பழைய தேக்குக் கட்டில் ஒன்றை, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கி எடுத்து வந்திருந்தேன். காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே அந்த வீட்டம்மாள் தலையணையோடு வந்து கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டார். எழுப்ப முடியவில்லை. குறட்டைச் சத்தத்தில் ஒலிப்பதிவும் செய்ய முடியவில்லை. அன்று என் குரு சொன்னார்: "கையெழுத்துப் போடறவன் ஒருத்தன். பொருளுக்குச் சொந்தக்காரங்க வேற ஒருத்தங்க. நீ ரெண்டாவது ஆளைத் தேடு." இந்த முகத்தின் சொந்தக்காரர் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

தாளை வாங்கி மடித்து என் பையில் போட்டுக்கொண்டேன். மேனேஜர் என்னை முறைத்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உள்ளே போய் அம்மாள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"தப்பு என்னோடதும்மா. பெரிய போட்டாவா இருந்துச்சு, யாரும் வாங்கவும் வரல. இல்லாதவருன்னு நானே முடிவு பண்ணிட்டேன். இருக்காரான்னு ஒரு வார்த்தை கேக்கல. முன்ன இன்னொருத்தர்னு சொன்னதும் பொய். இப்ப என்ன பண்ணலாம்னு நீங்கதான் சொல்லணும்."

டீ வந்தது. தனக்கு வேண்டாம் என்ற அம்மாள், வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இல்லாமல் கொடுக்கச் சொன்னார். பிறகு, "கதைதான் என்னா?" என்று கேட்டார்.

சொன்னேன். சிரிப்பு வராத மாதிரிதான் சொல்ல முயன்றேன். மேஜை ஃபேன் வரை இறுக்கமாக இருந்தார். சின்ன மருமகள் தேங்காய் இடிக்கிற இடத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். கடைசியில், "சரி, இவரு எப்படிச் செத்தாராம்?" என்றார்.

நான் இயக்குநரைப் பார்த்தேன். அவன் உதவி இயக்குநரைப் பார்த்தான். உதவி இயக்குநர் கையிலிருந்த கதைத் தாள்களை முன்னும் பின்னும் புரட்டினார்.

"அது... எழுதலம்மா" என்றான் இயக்குநர்.

"எப்படிச் செத்தாருன்னே தெரியாம மாலை போட்டிருக்கீங்க" என்றார் அம்மாள். "அப்ப சாவலன்னு வச்சுக்குங்க. புள்ளைங்க தொல்லை பொறுக்காம எங்கயாவது போயிருப்பாரு. இவங்களா செத்துட்டாருன்னு முடிவு பண்ணிட்டாங்க. இதோ, இந்த அண்ணன் பண்ணல?"

இயக்குநர் வாயிலிருந்து விரலை எடுத்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். "கடைசியில திரும்பி வர்றாரு. கூடத்துல தன் படத்துக்கே மாலை போட்டிருக்கறதைப் பாக்கறாரு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே நடந்தான். எடுத்தது எதையும் தூக்கிப்போட வேண்டியதில்லை. அத்தனை பூ விழுந்ததும் இன்னும் வேடிக்கையாகிவிடும்.

"இருங்க" என்றார் அம்மாள். "அவரு வந்துட்டா, இந்த வெள்ளைப் பொடவக்காரம்மா யாரு?"

"அவரு சம்சாரம்மா."

"அது ஆவாது."

இது நியாயம்தானே. செத்த புருஷனுக்கு இன்னொருத்தி பெண்டாட்டியாக இருப்பதையே பொறுக்காதவர், உயிரோடு வந்தவருக்குப் பொறுப்பாரா? கால் மணி நேரம் பேசி, அவரைத் தங்கையாக்கினோம். டப்பிங்கில் 'என்னங்க' என்பதை 'அண்ணே' என்று மாற்றிவிடலாம், பிள்ளைகள் 'அம்மா' என்பதை 'அத்தை' ஆக்கிவிடலாம். "தங்கச்சியா?" என்றார் கலியபெருமாள். குரலில் லேசான ஏமாற்றம். அம்மாள் திரும்பிப் பார்த்த பார்வையில் டீயைக் குடித்து முடித்தார்.

"அப்ப அவரு சம்சாரம் எங்கம்மா?" என்று இயக்குநர் கேட்டான். கதாசிரியரிடம் கேட்கிற பணிவோடுதான் கேட்டான்.

"அவரோடதான் போயிருப்பா. இந்த ஆளு தனியா எங்க போவாரு? பீரோவுல சட்டை எந்தத் தட்டுல இருக்குன்னுகூடத் தெரியாது."

"ரெண்டு பேரும் போயிட்டாங்கன்னா, அந்தம்மா படத்தையும் மாட்டியிருக்கணுமே?" என்றார் உதவி இயக்குநர்.

தனக்கோடியம்மாள் தட்டில் இருந்த வெற்றிலையைச் சரிசெய்தார். "அவளுக்கு ஏதுங்க போட்டா? ஆதார்ல இருக்கறது ஒண்ணுதான்" என்றார்.

மறுநாள் காலை அந்தக் காட்சியை வைத்தோம். யாரை நடிக்கவைப்பது என்ற கேள்வியே எழவில்லை. கலியபெருமாள் மீசைக்கு மை போட்டுக்கொண்டு, அதே துண்டை அதே மடிப்பில் போட்டுக்கொண்டு, விடிந்ததிலிருந்து தயாராக இருந்தார். உள்ளே வர வேண்டும், படத்தைப் பார்க்க வேண்டும், "யாருடா எனக்கு மாலை போட்டது?" என்று அதட்ட வேண்டும். அம்மாள் பின்னால் பையோடு நின்றால் போதும்.

முதல் தடவை, படத்தைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் கைகூப்பிவிட்டார். இரண்டாவது தடவை கேமராவைப் பார்த்துக் கைகூப்பினார். மூன்றாவது தடவை வசனத்தைச் சொல்லிவிட்டு, "சரியாச் சொன்னனா?" என்று படத்தையே கேட்டார். ஐந்து தடவை போயிற்று. ஆறாவது தடவை உள்ளே வந்தவர், படத்துக்கு முன்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். வசனம் வரவில்லை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று மெதுவாகச் சொன்னார்.

நான் சுவருக்குப் பின்னால் நூலோடு இருந்தேன். 'கட்' வரும் என்று எல்லோரும் காத்திருந்தோம்.

தனக்கோடியம்மாள் காத்திருக்கவில்லை. பையைக் கீழே வைத்தார். நேராகப் போய், எட்டி, மாலையை இரண்டு கையாலும் கழற்றினார். என் விரலில் இருந்த நூல் சுரீரென்று இழுத்தது. விட்டுவிட்டேன். கண்ணாடியில் வைத்திருந்த குங்குமத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தார். வீட்டுக்காரரின் கையைப் பிடித்தார்.

"போதும் பாத்தது. வாங்க, சோறு ஆறிப்போவுது."

இரண்டு பேரும் சமையலறைப் பக்கம் நடந்து போனார்கள். இயக்குநர் கடைசி வரை கட் சொல்லவே இல்லை. படம் அந்த இடத்தில்தான் முடிகிறது. பார்த்தவர்கள் எல்லாரும் அந்த முடிவைத்தான் பேசினார்கள். ஒரு பேட்டியில் இயக்குநர், இந்தக் கதை அந்த முடிவிலிருந்துதான் தனக்குத் தோன்றியது என்று சொன்னான். சொல்லிவிட்டுப் போகட்டும், நல்ல பையன்.

அறுபதாம் கல்யாணத்துக்கு யூனிட்டே வேனில் போனோம். மணமேடையில் இருவருக்கும் சம்பங்கி மாலை. கலியபெருமாள் என்னைப் பார்த்துத் தன் மாலையைத் தொட்டுக் காட்டினார். அந்தக் கடைசிக் காட்சியில் இருவரும் கைபிடித்து நிற்கிற ஒரு நிமிடத்தை எடுத்து, இரண்டடிக்கு மூன்றடியில் சட்டம் போட்டுக் கொண்டுபோயிருந்தோம். அம்மாள் அதை வெகுநேரம் பார்த்தார். "இத வூட்டுல மாட்டலாம்" என்றார். "அந்த ஒத்தைப் படத்த மட்டும் எங்க இருந்து எடுத்தீங்களோ அங்கயே வச்சுருங்க."

அப்படியே வைத்தேன். அதே ஸ்டூடியோ, அதே ஆணி.

ஓய்வுபெற்று பெரம்பலூர் வந்ததும் நான் செய்த முதல் வேலையையும் சொல்லிவிடுகிறேன். என் ஆதார் அட்டையை ஒரு நாள் தற்செயலாகப் பார்த்தேன். பார்த்த கையோடு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனேன். ரசீதை என் சம்சாரம் சட்டைப்பையில் கண்டுபிடிக்க இரண்டு நாள்கூட ஆகவில்லை. என்ன சொன்னாள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

அதனால் பிள்ளைகளே, செத்துப்போன அப்பாவின் படம் தேடி நீங்கள் அந்த ஸ்டூடியோவுக்குப் போனால், எதிர்ச் சுவரில் இரண்டு பேர் இருப்போம். இடப் பக்கம் மீசை, வலப் பக்கம் கண்ணாடி போட்டவன். இரண்டு பேருமே உயிரோடு இருக்கிறோம். எடுப்பதற்கு முன்னால் எங்களுக்குப் போன் செய்யுங்கள். எங்களைக் கேட்டால் உடனே சரி என்றுதான் சொல்வோம். அதனால் போனை எங்கள் வீட்டம்மாவிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.